சத்தம் பூட்டினவருக்கு மட்டும் சொந்தமில்லை

யாழ்ப்பாணத்தில சைலன்சர் பற்றிக் கதை எடுத்தால் இரண்டு கட்சிதான். ஒரு கட்சி சொல்லும்: "பெடியள் கெட்டுப்போச்சுதுகள், பிடிச்சு உள்ள போடோணும்." மற்றக் கட்சி சொல்லும்: "என்ர பைக், என்ர காசு, உங்களுக்கென்ன?" முதலாவது கட்சியில் அப்பாமார், அதிபர்மார், பொலிஸ், பத்திரிகைகள். இரண்டாவது கட்சியில் எங்களோடு படிக்கிற பெடியளில் கனபேர். நாங்கள் இரண்டிலும் இல்லை. வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து வைத்து ஒரு வண்டியைக் கழட்டிப் பூட்டுகிற வேலை நல்ல வேலை, மதிக்கப்பட வேண்டிய வேலை என்று நினைக்கிறோம். அந்தப் பைப்பால் வருகிற சத்தம் பூட்டினவருக்கு மட்டும் சொந்தமில்லை என்றும் நினைக்கிறோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இரண்டு பக்கமும் ஏச்சு விழும். பரவாயில்லை.

எங்கட ஸ்போர்ட்ஸ் கார்

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். யூடியூப்பில் ஒரு வகை வீடியோ இருக்கிறது. அமெரிக்காவில யாரோ ஒருவர் தன்ர வீட்டுக் கராஜுக்குள் மஸ்ராங்கையோ மஸ்டா மியாட்டாவையோ ஜக்கில் உயர்த்தி, ஸ்ராண்ட் வைத்து, கீழே படுத்துக்கொண்டு கொம்பனி பூட்டின எக்ஸோஸ்டைக் கழட்டிப் புதுசு ஒன்றைப் பூட்டுவார். றப்பர் ஹாங்கர்கள் கழராமல் அடம்பிடிக்கும், சவர்க்காரத் தண்ணி பூசி இழுப்பார். கறள் பிடித்த போல்ட்டோடு அரை மணித்தியாலம் சண்டை பிடிப்பார். கடைசியில் ஸ்டார்ட் பண்ணுவார். அந்த முதல் உறுமலுக்காகத்தான் முழு வீடியோவும். கேட்கிற எங்களுக்கும் முதுகில் ஒரு சிலிர்ப்பு வரும். அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

இங்க ஸ்போர்ட்ஸ் கார் எங்க இருக்கு? 2020இல் தொடங்கின வாகன இறக்குமதித் தடை 2025 வரை இழுத்தது. அதற்குப் பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றும். 2022இல் கியூஆர் கோட்டைக் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கி மோட்டார் சைக்கிள் ஓடின நாடு இது. அதனால் எங்கட தலைமுறையின் ஸ்போர்ட்ஸ் கார் இரண்டு சில்லோடுதான் வருகிறது: லீசிங்கில் எடுத்த ஒரு எப்சீ, பல்சர், ஜிக்சர், வசதி இருந்தால் ஆர் வண் பைவ். அதை "எங்கட" ஆக்குவதற்கு மலிவான வழி சைலன்சரை மாற்றுவது. ஸ்ரிக்கருக்கு அடுத்தபடியாக அதுதான்.

வேலையும் அடிப்படையில் காருக்குச் செய்கிற அதே வேலைதான். எஞ்சின் ஆறும் வரை பொறுக்க வேண்டும். கறள் பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற விட வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் எஞ்சின் தலையில் இருக்கிற ஸ்ரட் முறியும், பிறகு கராஜ்தான் கதி. பழைய கஸ்கற்றை எடுத்து எறிந்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். எல்லா நட்டையும் முதலில் கையால் பிடித்துவிட்டு, பைப் நேராக இருக்குதா, சில்லிலோ ஸ்விங் ஆர்மிலோ முட்டுதா என்று பார்த்த பிறகுதான் எஞ்சின் பக்கத்தில் இருந்து பின்னால் நோக்கி இறுக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ண முதல் பைப்பில் இருக்கிற கைரேகையைத் துடைக்க வேண்டும், இல்லாட்டி சூட்டில் அது தழும்பாகிப்போகும். ஓடி, ஆறவிட்டு, திரும்ப ஒருக்கா நட்டுகளைப் பார்க்க வேண்டும். மூடின அறைக்குள் எஞ்சினை ஓட விடக்கூடாது, காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. காரென்றால் ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

இந்த ஒழுங்கில் ஒரு பொறுமையும் அறிவும் இருக்கிறது. மூன்று மணித்தியால விரிவுரையில் குறிப்பெடுப்பதற்குக் கிடைக்கிற மரியாதை ஏன் இதற்குக் கிடைப்பதில்லை? கலைப்பீடத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறோம். "ஏ எல் சரிவரேல்ல, கராஜுக்கு விட்டாச்சு" என்று சொல்லும்போது எங்கட வீடுகளில் குரல் எப்படித் தாழும் என்று எல்லாருக்கும் தெரியும். கைவேலை தெரிந்த பெடியனைத் தோற்றவனாகவே பார்த்துப் பழகிய சமூகம், அவன் முற்றத்தில் ஸ்பனரோடு இருந்தால் "வேலைவெட்டி இல்லாதவன்" என்றுதான் சொல்லும்.

மறந்துபோன ஒரு சங்கதியையும் இதில் ஞாபகப்படுத்த வேண்டும். 1990களின் முதல் பாதியில், பொருளாதாரத் தடைக்குள் குடாநாடு இருந்தபோது பெற்றோல் கண்ணில் காண்பது அரிது. அப்போது மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல், எஞ்சின் சூடாகினதும் மண்ணெண்ணெய். மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிளின் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். இதை இப்போது பெருமையாகக் கதைக்கிற அப்பாமார், அன்றைக்கு வண்டியைத் தாங்கள் மாற்றினதற்கு ஒருத்தரிடமும் அனுமதி கேட்கவில்லை. கொம்பனி செய்து தந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்ற புனிதம் எங்கட ஊர் வண்டிகளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எனவே மாற்றிப் பூட்டுவது குற்றம் என்று பெரியாக்கள் சொன்னால், அவையின்ர சரித்திரத்தையே அவை மறந்துட்டினம் என்றுதான் அர்த்தம்.

சைலன்சருக்குள் என்ன இருக்கிறது

இனி மற்றக் கட்சிக்கு வருவோம். "சைலன்சரைத் திறந்து விட்டால் பவர் கூடும்" என்பது அவர்களின் முதல் வாதம்.

நாலு ஸ்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருக்கா எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும். ஒற்றைச் சிலிண்டர் பைக் நிமிசத்துக்கு 6000 சுற்றில் ஓடினால் ஒரு செக்கனுக்கு 50 தரம் சூடான காற்று அழுத்தத்தோடு வெளியே பாயும். அந்த 50 வெடிப்பைத்தான் சைலன்சர் வாங்கி அடக்குகிறது. உள்ளே ஓட்டை போட்ட குழாய்களும் அறைகளும் இருக்கும். சத்த அலைகள் அந்த அறைகளுக்குள் மோதித் திரும்பி ஒன்றையொன்று தின்னும். சிலதில் கண்ணாடி நார் சுற்றியிருக்கும், அது சத்தத்தைச் சூடாக்கி விழுங்கும். இப்போது வருகிற கனக்க வண்டிகளில் புகையில் உள்ள நஞ்சைக் குறைக்கிற கற்றலிஸ்ட்டும் அதே பைப்புக்குள்தான்.

சொல்லப்போனால் சைலன்சர்தான் அந்த எக்ஸோஸ்டில் அதிகம் மூளை செலவழித்துச் செய்த பகுதி. ஒழுங்காகச் செய்த, அந்த வண்டிக்கென்றே அளவெடுத்த பைப் ஒன்றைப் பூட்டினால் பாரம் குறையும், சத்தத்தின் குணம் மாறும், எரிபொருளையும் அதற்கேற்ப மாற்றினால் கொஞ்சம் வலுவும் கூடலாம். 150 சீசீ வண்டியில் ஒரு குதிரைவலு கூடினாலே பெரிய விசயம். ஆனால் சந்தியில் விற்கிற வெறும் பைப்பைப் பூட்டுவதும், கொம்பனிச் சைலன்சரின் உட்குடலை வெட்டி எடுப்பதும், ட்ரில்லால் ஓட்டை போடுவதும் எஞ்சினுக்கு ஒன்றும் தருவதில்லை. காதுக்கு வேகம் கூடினமாதிரி இருக்கும். வண்டி அதே வேகத்தில்தான் போகும். கற்றலிஸ்ட்டும் போய்விட்டால் பின்னால் சைக்கிளில் வருகிற பிள்ளைதான் அந்த நஞ்சைக் குடிக்க வேண்டும்.

இன்னும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கில் சுவிட்சை நிப்பாட்டித் திரும்பப் போடுவது. அந்த இடைவெளியில் எரியாத பெற்றோல் சூடான பைப்புக்குள் போய் "டமார்" என்று வெடிக்கும். அதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. ஒரு எஞ்சினைத் தெரிந்தவர் அதைச் செய்யமாட்டார்.

எங்கட ஊர்க் காதுகள்

சத்தம் எங்கேயும் தொல்லைதான். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கென்று வெளியிட்ட வழிகாட்டியில், வீதிப் போக்குவரத்துச் சத்தம் இரவில் சராசரியாக 45 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று சொல்கிறது. டெசிபெல் கணக்கு சாதாரணக் கணக்கில்லை. 10 கூடினால் எங்கட காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். எங்கட மாமாமாரும் சித்திமாரும் வாழ்கிற பாரிஸ் நகரமே 2022இல் சத்தத்தை அளக்கிற ரேடார்களை வீதியில் வைத்துப் பரீட்சித்துப் பார்த்தது. அதனால் இது யாழ்ப்பாணப் பெடியளுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

ஆனால் எல்லா ஊர்க் காதும் ஒன்றில்லை. எங்களோடு ஒரே வகுப்பில் இருக்கிற வன்னிப் பிள்ளைகளுக்கு 2009இல் ஐந்தாறு வயது. பங்கருக்குள் இருந்த ஞாபகம் அவர்களுக்குத் துண்டு துண்டாக இருக்கிறது. சத்தத்தின் ஞாபகம் முழுதாக இருக்கிறது. கிபிர் வருகிற இரைச்சலைக் கேட்டுப் படுத்துப் பழகின அம்மாமார் இருக்கிற வீடுகள் இவை. ஒழுங்கை முடக்கில் ஒரு பைக் வெடிக்கிற சத்தத்துக்கு, சமைத்துக்கொண்டிருந்த கை நின்றுபோய், ஒரு நிமிசம் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்கிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தப் பைக்கில் போனவருக்கு அது பகிடி. அவர் அதற்குள் சந்தியைத் தாண்டியிருப்பார். யுத்தம் பற்றிக் கவிதை எழுதுகிற, மே மாதத்தில் கஞ்சி கொடுக்கிற தலைமுறை நாங்கள். நினைவை மதிக்கிறோம் என்றால் அந்த நினைவைச் சுமக்கிற காதுகளையும் மதிக்கத்தானே வேண்டும்.

இரண்டாவது காது பெண்களுடையது. எங்கட கலைப்பீடத்தில் பெண்கள்தான் கூட, இந்தக் கட்டுரையை எழுதுகிற எங்களிலும் அப்படித்தான். ரியூஷன் விடுகிற நேரம், பெண்கள் பாடசாலை விடுகிற நேரம், அதே வீதியில் அதே பைக் நாலு தரம் போய் வரும். ஒவ்வொரு தரமும் எங்கட பக்கத்தில் வந்து அக்ஸிலேற்றரை முறுக்கும். ஒரு சொல்லும் பேசவில்லை, கை வைக்கவில்லை, அதனால் முறைப்பாடு செய்யவும் ஒன்றுமில்லை. ஆனால் சைக்கிள் ஹாண்டில் நடுங்கினது யாருக்கு? இதே வீதியில் ஒரு பிள்ளை ஸ்கூட்டியின் சைலன்சரைக் கழட்டிவிட்டு உறுமிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கோ. வீதியில் சத்தம் போடுகிற உரிமை ஆருக்கு இருக்கிறது என்பதும் ஆண், பெண் கணக்குத்தான். "என்ர பைக், என்ர காசு" என்கிற வாதத்துக்குள் இந்தக் கணக்கு ஒருநாளும் வருவதில்லை.

"கோயில் ஸ்பீக்கர் மட்டும் கேட்கேல்லையோ?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. விடிய 4 மணிக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் பைக் சத்தத்தைப் பற்றிக் கதைப்பது எங்களுக்கும் சிரிப்புத்தான். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இலேயே சொல்லிவிட்டது. அது எங்கட ஊருக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு சத்தத்தைக் காட்டி இன்னொரு சத்தத்தை நியாயப்படுத்தினால் கடைசியில் நித்திரை இல்லாமல் இருப்பது சோதனைக்குப் படிக்கிற பிள்ளையும் வருத்தக்காரரும்தான். இரண்டையும் குறையுங்கோ என்பதுதான் எங்கட நிலைப்பாடு.

பொலிஸின்ர காது அளவுகோல் இல்லை

அப்ப பொலிஸ் பிடிக்கட்டுமே என்றால், அங்கேயும் எங்களுக்குப் பயம் இருக்கிறது.

2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா தொடங்கின கையோடு, பொலிஸார் நாடு முழுக்க வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டினவற்றைக் கழட்ட வைத்தார்கள். சத்தமான சைலன்சரும் அதில் ஒன்று. நோக்கத்தோடு எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் வீதியோரத்தில் எது "சத்தம்" என்று ஆர் முடிவெடுக்கிறது? அந்த இடத்தில் நிற்கிறவரின் காது. அதே பைப்போடு ஒருவர் போகலாம், இன்னொருவர் நிற்க வேண்டும். தலைமயிரைப் பார்த்து, ரீசேட்டைப் பார்த்து, ஊரின் பெயரைக் கேட்டு முடிவெடுக்கிற காது அது. வாள்வெட்டுக் குழுக்கள் மோட்டார் சைக்கிளில் வந்த காலத்தில் இருந்து, பைக்கில் போகிற இரண்டு பெடியள் என்றாலே சந்தேக நபர்கள் என்றொரு பார்வை வடக்கில் ஊறிவிட்டது.

இது வெறும் மனக்குறை இல்லை. 2016 ஒக்ரோபர் 20 இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட, மோட்டார் சைக்கிளில் போன எங்கட பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிறகுதான் பொலிஸ் சுட்ட சூடு என்று வெளியில் வந்தது. அந்த வளாகத்தில் படிக்கிற நாங்கள், இரவில் பொலிஸ் கை காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே பொலிஸுக்குப் பைக்கை மறிக்க இன்னொரு சாட்டுக் கொடுக்கிற எந்தத் திட்டத்துக்கும் நாங்கள் யோசிக்காமல் கை தட்ட மாட்டோம்.

அளவுகோல் வேண்டும். அது புதுசாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றுமில்லை. நிறுத்தி வைத்த வண்டியைக் குறிப்பிட்ட சுற்றில் பிடித்து, பைப் வாயில் இருந்து அரை மீற்றர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் மீற்றரை வைத்து அளக்கிற முறை உலகம் முழுக்க இருக்கிறது. இங்கே ஒவ்வொரு வருசமும் லைசன்ஸ் புதுப்பிக்க முதல் புகைப் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். அந்த இடத்திலேயே பைப்புக்குப் பக்கத்தில் ஒரு சத்த மீற்றரையும் வைத்தால் என்ன? இலக்கம் கடதாசியில் வரட்டும். கூடினால் மாற்றிக்கொண்டு வர இரண்டு கிழமை கொடுக்கட்டும். கொம்பனிப் பைப்போ வெளிப் பைப்போ, அளவுக்குள் இருந்தால் கை வைக்கக்கூடாது என்று எழுதி வைக்கட்டும். வீதியில் மறித்தாலும் மீற்றரைக் காட்டித்தான் தண்டம் எழுத வேண்டும். இது பெடியளுக்கும் பாதுகாப்பு, அயலுக்கும் பாதுகாப்பு. விற்கிற கடைக்கும் இதே அளவு இருக்க வேண்டும். அளவே இல்லாத பைப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறவரை விட்டுவிட்டு வாங்கின இருபது வயதுப் பெடியனை மட்டும் பிடிப்பது என்ன நியாயம்?

இதோடு ஒரு இடமும் வேண்டும். வேகத்துக்கும் சத்தத்துக்கும் ஆசைப்படுகிற பிள்ளைகள் கட்டுக்குருந்தைக்கோ தியத்தலாவைக்கோ போய்த்தான் ஒரு ஓட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே பாவனை இல்லாமல் கிடக்கிற ஒரு காணியில், மாதத்தில் ஒரு ஞாயிறு, அம்புலன்சும் ஹெல்மெற்றும் ஒழுங்கும் வைத்து ஓட விட்டால் பருத்தித்துறை வீதியில் ஓடுகிறவர்களில் சிலராவது அங்கே வருவார்கள். எல்லாரும் வரமாட்டார்கள் என்பதும் தெரியும்.

அதுவரை எங்கட கையில் இருப்பதைச் செய்யலாம். கொம்பனிச் சைலன்சரை வெட்டாமல் சாக்கில் சுற்றி வைத்திருக்கலாம். வெளிப் பைப்போடு வருகிற டிபி கில்லரைக் கழட்டாமல் விடலாம். அந்தச் சின்னக் குழாய்தான் அயலுக்கும் எங்களுக்கும் இடையில் நிற்கிற வேலி. ஆஸ்பத்திரி வீதியிலும் ஒழுங்கைக்குள்ளும் இரவிலும் கியரைக் கூட்டி அக்ஸிலேற்றரைக் குறைத்துப் போகலாம். கில் சுவிட்ச் வெடியை முற்றாக நிப்பாட்டலாம். நண்பன் செய்தால் சிரிக்காமல் விடலாம், அதுதான் எல்லாத்திலும் கஷ்டம்.

பைக்கைக் கழட்டிப் பூட்டத் தெரிந்த பெடியளிடம் நாங்கள் கேட்பது கூட வேலையைத்தான். சைலன்சரை வெட்டி எறிய ஒரு கிரைண்டர் காணும், ஐந்து நிமிசம் காணும். எஞ்சினின் குணமும் கெடாமல், கேட்க ஆழமாகவும் இருந்து, பக்கத்து வீட்டுக் குழந்தையும் எழும்பாத ஒரு பைப்பைப் பூட்டிக் காட்டுங்கோ. அதுக்குத்தான் மூளையும் கையும் வேணும்.